பி.கு. - பின்குறிப்பா, பிற்குறிப்பா? வார்த்தை எங்கேர்ந்து வந்துச்சு?

லெட்டர் எழுதி கையெழுத்தும் போட்டு முடிச்சப்புறம் கீழ "பி.கு."ன்னு ஒண்ணு சேக்கறோமே, அதோட விரிவு என்ன, பின்குறிப்பா பிற்குறிப்பா, இது தமிழ்லயே இருந்ததா இல்ல இங்கிலீஷ்காரன்கிட்டேர்ந்து எடுத்ததான்னு கேட்டிருக்கீங்க. மூணு கேள்வி. முதல் கேள்விக்கு ஒரு வரியில பதில் சொல்லிடலாம், மத்த ரெண்டும்தான் கொஞ்சம் இழுக்கும், ஆனா அதுலதான் விஷயமே இருக்கு.

முதல்ல அர்த்தம். பின் + குறிப்பு. எழுதி முடிச்சதுக்குப் பின்னாடி போடற குறிப்பு, அவ்ளோதான். இங்கிலீஷ்ல பி.எஸ்.னு போடறாங்களே, போஸ்ட்ஸ்கிரிப்ட், அதுக்கு நேர் தமிழ். அந்தச் சொல் லத்தீன்லேர்ந்து வருது: போஸ்ட் ஸ்க்ரிப்டம். போஸ்ட்னா பிறகு, ஸ்க்ரிப்டம்னா எழுதப்பட்டது. இந்த போஸ்டுக்கும் தபால் போஸ்டுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது, லெட்டர்ல வர்றதால நிறைய பேர் தபாலோட முடிச்சு போட்டுடறாங்க, அது வேற வேர். ரெண்டாவது தடவை ஏதாவது ஞாபகம் வந்தா பி.பி.எஸ்.னு போடணும், பிறகுக்கும் பிறகு எழுதினதுன்னு அர்த்தம். பி.எஸ்.எஸ்.னு போடறவங்க இருக்காங்க, அப்படிப் போட்டா எழுதினதை எழுதினது மாதிரி ஆயிடும்.

அந்தக் காலத்துல இதுக்கு அவசியம் எப்படி வந்துச்சுன்னு யோசிச்சா சுலபமா புரியும். மையில எழுதின லெட்டர்ல நடுவுல ஒரு வரி நுழைக்க முடியாது. பக்கம் பூரா நிரப்பி, பெரியவங்களுக்கு நமஸ்காரம் சின்னவங்களுக்கு ஆசீர்வாதம் எல்லாம் சொல்லி, இப்படிக்குன்னு பேரையும் போட்டாச்சு, அப்புறம் முக்கியமா ஒண்ணு விட்டுப்போச்சுன்னு ஞாபகம் வந்தா என்ன பண்றது? மறுபடி முழுசா எழுத யாருக்கு பொறுமை? அதனால கையெழுத்துக்குக் கீழ மிச்சம் இருக்கற இடத்துல, இடம் இல்லேன்னா ஓரத்துல லெட்டரைத் திருப்பி வச்சுக்கிட்டு குறுக்கால, எறும்பு சைஸ் எழுத்துல நாலு வார்த்தை. இன்னிக்கு ஈமெயில்ல கர்சரை மேல கொண்டுபோய் எங்க வேணா சேத்துக்கலாம், தேவையே இல்ல. ஆனாலும் போடறோம். ஏன் போடறோம்கறதுக்கு பதில் அந்த "குறிப்பு"ங்கற சொல்லுக்குள்ளயே இருக்கறதா எனக்குப் படுது.

லத்தீன்ல எழுத்துன்னு இருக்கறது தமிழ்ல எழுத்து ஆகல பாருங்க. பின்னெழுத்துன்னு யாரும் சொல்லல, குறிப்புன்னுதான் சொன்னாங்க. குறிப்புன்னா சுருக்கமா எழுதி வச்சதுங்கறது இப்ப நாம அதிகம் புழங்கற அர்த்தம். பழைய அர்த்தம் வேற. குறிங்கறதுதான் அடி. அடையாளம், இலக்கு. அதுலேர்ந்து குறிப்புன்னா வாய் விட்டுச் சொல்லாம தெரியப்படுத்தற எண்ணம், உள்நோக்கம். திருக்குறள்ல குறிப்பறிதல்னு ஒரே பேர்ல ரெண்டு அதிகாரம் இருக்கு, 71ம் 110ம். முன்னது அரசன் முகத்தைப் பாத்து மனசைப் படிக்கறது, பின்னது காதலி கண்ணைப் பாத்துப் படிக்கறது. ரெண்டுலயும் யாரும் எதையும் எழுதி வைக்கல. சொல்லாம சொல்றதுதான் குறிப்பு.

இப்ப லெட்டரை எடுத்துக்கோங்க. ஒரு பையன் வீட்டுக்கு லெட்டர் போடறான். நலம் நலமறிய ஆவல், இங்க மழை, படிப்பு நல்லா போகுது, பாட்டி மூட்டுவலி எப்படி இருக்குன்னு ரெண்டு பக்கம். கையெழுத்து. அதுக்குக் கீழ "பி.கு.: இந்த மாசம் கொஞ்சம் முன்னாடியே பணம் அனுப்ப முடியுமா". அந்த லெட்டர் எதுக்காக எழுதப்பட்டதுன்னு வீட்ல இருக்கறவங்களுக்குத் தெரியாதா என்ன? அப்பா மேல இருக்கற ரெண்டு பக்கத்தை விட்டுட்டு நேரா கடைசி வரிக்குத்தான் போவார். மறந்துபோய் சேத்த மாதிரி ஒரு பாவனை, ஆனா அதுதான் விஷயமே.

இது நம்மூர் சாமர்த்தியம் மட்டும் இல்ல. பிரான்சிஸ் பேக்கன் தந்திரத்தைப் பத்தி ஒரு கட்டுரை எழுதியிருக்கார், 1625ல வந்த அவரோட கட்டுரைத் தொகுப்புல இருக்கு. அதுல, எனக்கு ஒருத்தரைத் தெரியும், அவர் லெட்டர் எழுதினா ரொம்ப முக்கியமான சமாச்சாரத்தைப் பின்குறிப்புலதான் வைப்பார், ஏதோ போற போக்குல சொல்ற மாதிரின்னு எழுதறார். 400 வருஷம் ஆச்சு. இன்னும் அதே டெக்னிக் ஓடுது, விற்பனை லெட்டர் எழுதறவங்க சலுகை முடியற தேதியை பி.கு.லதான் போடுவாங்க.

மத்த பாஷைக்காரங்க இதை என்ன சொல்றாங்கன்னு பாத்தா சுவாரசியமா இருக்கு. இந்தியில புனஸ்சன்னு போடுவாங்க, சமஸ்கிருதம், "மறுபடியும்"ங்கற அர்த்தம். எனக்கு ரொம்பப் பிடிச்சது மராத்தி, குஜராத்தில வர்றது: தா.க.ன்னு சுருக்கி எழுதறாங்க, விரிவு தாஜா கலம். தாஜான்னா புதுசு, கலம்னா பேனா, பாரசீக வழியா வந்த சொற்கள். கீழ வச்ச பேனாவை மறுபடி மையில தொட்டு எடுத்த அந்த நிமிஷமே அந்த ரெண்டு எழுத்துல இருக்கு. நம்ம பின்குறிப்பைவிட அழகுன்னு ஒத்துக்கத்தான் வேணும்.

சரி, அடுத்த கேள்வி, தமிழ்ல முன்னாடி இதெல்லாம் இருந்துச்சா. பி.கு.ங்கற சுருக்கம் இங்கிலீஷ் பி.எஸ். மாதிரியே வார்த்து எடுத்ததுதான், அதுல சந்தேகம் வேணாம். ஆனா சொல்லி முடிச்சப்புறம் விட்டுப்போனதைச் சேக்கற பழக்கம் இருக்கே, அதுக்குத் தமிழ்ல பேர் பல நூற்றாண்டா இருக்கு, ஒண்ணு இல்ல அரை டஜன்.

ஒழிபுன்னு ஒண்ணு. ஒழிஞ்சு நின்னது, அதாவது மிச்சம். செய்யுள் இலக்கணம் சொல்ற யாப்பருங்கலக்காரிகையில மொத்தம் மூணே இயல், உறுப்பியல், செய்யுளியல், கடைசியா ஒழிபியல். முதல் ரெண்டுலயும் சொல்லாம விட்டதையெல்லாம் மூணாவதுல அள்ளிப் போட்டிருப்பாங்க. திருக்குறள் பொருட்பாலையும் பரிமேலழகர் உரை அரசியல் 25, அங்கவியல் 32, ஒழிபியல் 13 அதிகாரம்னு பிரிக்குது. அந்த 13ல என்னென்ன இருக்குன்னு பாத்தீங்கன்னா கொஞ்சம் தூக்கி வாரிப் போடும். மானம் இருக்கு, சான்றாண்மை இருக்கு, உழவு இருக்கு. "சுழன்றும்ஏர்ப் பின்னது உலகம்"னு உலகத்தையே ஏருக்குப் பின்னாடி நிறுத்தற குறள் மிச்சம் மீதிக் கணக்குல போய் உக்காந்திருக்கு! இந்தப் பகுப்பு வள்ளுவர் போட்டது இல்ல, உரைக்காரங்க போட்டதுதான், ஆனாலும் பி.கு.ல கனமான விஷயம் வர்றதுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரிஞ்சு இல்ல.

எச்சம்னு இன்னொண்ணு. தொல்காப்பியம் சொல்லதிகாரத்தோட கடைசி இயல் எச்சவியல். எஞ்சி நின்னது எச்சம். சமஸ்கிருதத்துல பரிசிஷ்டம்னு சொல்றதும் இதே பொருள்தான், சிஷ்டம்னா மிஞ்சினது. பழைய தமிழ்ப் புத்தகங்கள்ல பின்னாடி அநுபந்தம்னு போட்டிருப்பாங்க, அது கூடக் கட்டினதுன்னு பொருள், இன்னிக்கு அதைத்தான் பின்னிணைப்புன்னு எழுதறோம். இங்கிலீஷ்ல அதுக்கு அப்பெண்டிக்ஸ், லத்தீன்ல தொங்க விடறதுங்கற வினையிலேர்ந்து வந்தது. வயித்துக்குள்ள தொங்கற சமாச்சாரத்துக்கும் அதே பேர்தான், நம்மாளுங்க அதைக் குடல்வால்னு சொன்னாங்க. நல்ல வேளையா பின்னிணைப்பு ஆபரேஷன்னு யாரும் சொல்லல.

பாட்டோட கடைசியில வர்ற குறிப்புகளும் இருக்கு. புறநானூறுல பெரும்பாலான பாட்டுக்குக் கீழ திணை என்ன, துறை என்ன, யாரை யார் பாடினதுன்னு சின்னதா இருக்கும், பின்னாடி வந்தவங்க சேத்தது. அது இல்லேன்னா பாதிப் பாட்டு யாரைப் பத்தினதுன்னே நமக்குத் தெரிஞ்சிருக்காது. பதிற்றுப்பத்துல இன்னும் விசேஷம். ஒவ்வொரு பத்துப் பாட்டுக்கும் கடைசியில பதிகம்னு ஒண்ணு ஒட்டியிருக்கும். ராஜா யாரு, யாருக்குப் பையன், என்ன செஞ்சார், பாடின புலவருக்கு என்ன கொடுத்தார்னு எல்லாம் அதுலதான். ஏழாம் பத்து கபிலர் பாடினது, செல்வக்கடுங்கோ வாழியாதனை. அந்தப் பதிகத்துக் குறிப்புல வருது: சிறுபுறம்னு சொல்லி நூறாயிரம் காணம் கொடுத்தானாம், அப்புறம் நன்றாங்கற குன்று மேல ஏறி நின்னு தன் கண்ணுக்குத் தெரிஞ்ச நாட்டையெல்லாம் காட்டிக் கொடுத்தானாம். சிறுபுறம்னா ஏதோ நம்மால ஆன சின்ன அன்பளிப்புன்னு அர்த்தம். லட்சம் காசைக் கையில கொடுத்துட்டு சும்மா சின்ன கிஃப்ட்னு சொல்ற மாதிரி. இந்தக் காட்சி கபிலரோட அந்தப் பத்துப் பாட்டுல எங்கயும் இல்ல, கடைசிக் குறிப்புலதான் இருக்கு. கடைசிக் குறிப்பைப் படிக்காம மூடி வைக்கறவங்க இழக்கறது இதைத்தான்.

சம்பந்தர் தேவாரத்துல ஒவ்வொரு பதிகத்தோட கடைசிப் பாட்டுக்குத் திருக்கடைக்காப்புன்னு பேர். கடைன்னா கடைசி, காப்புன்னா காவல். அதுல தன் பேரைச் சொல்லி, இதைப் பாடினவங்களுக்கு என்ன பலன்னும் சொல்லுவார், கையெழுத்தும் பின்குறிப்பும் ஒண்ணா. அந்தப் பேரே அவர் பாட்டு மொத்தத்துக்கும் வந்துடுச்சு. சிலப்பதிகாரத்துல ஒவ்வொரு காண்டத்து முடிவுலயும் கட்டுரைன்னு ஒண்ணு வரும், மூணு காண்டமும் முடிஞ்சப்புறம் நூற்கட்டுரைன்னு தனியா ஒண்ணு. அப்ப கட்டுரைன்னா ஸ்கூல்ல எழுதற கட்டுரை இல்ல, நூலைக் கட்டி முடிச்சு வைக்கற உரை. வார்த்தைங்க எப்படியெல்லாம் இடம் மாறுது பாருங்க, அன்னிக்கு முடிவுரையா இருந்தது இன்னிக்கு முன்னுரை உள்ளுரை முடிவுரை எல்லாத்தையும் உள்ள வச்சிருக்கற மொத்தத்துக்கும் பேர்.

எங்க எதைப் போடறதுன்னு நிறைய பேருக்குக் குழப்பம் இருக்கு, அதனால வேகமா சொல்லிடறேன். லெட்டருக்குப் பி.கு. புத்தகத்துல பக்கத்துக்குக் கீழ வந்தா அடிக்குறிப்பு. பட்டியல், அட்டவணை மாதிரி பின்னாடி தனியா சேத்தா பின்னிணைப்பு. நூலாசிரியரோ வேற யாரோ கடைசியில மனம் விட்டுப் பேசினா பின்னுரை. ஒப்பந்தம், அரசாணை மாதிரி ஏற்கனவே முடிஞ்ச ஆவணத்துல சேத்தா பிற்சேர்க்கை, இங்கிலீஷ்ல அடெண்டம். அந்த அடெண்டம் லத்தீன்ல "சேர்க்கப்பட வேண்டியது"ங்கற அச்சு. அதே அச்சுல வார்த்ததுதான் கொரிஜெண்டம், திருத்தப்பட வேண்டியது. மெமோரண்டம், நினைவுல வைக்கப்பட வேண்டியது. அஜெண்டாவும் அதேதான், செய்யப்பட வேண்டியவை. ஆபீஸ்ல இந்த நாலையும் தினம் புழங்கறவங்ககூட நாலும் ஒரே வீட்டுப் பிள்ளைங்கன்னு கவனிச்சிருக்க மாட்டாங்க.

உயில் மட்டும் தனியா சொல்லியாகணும், ஏன்னா இதுல பி.கு. போட்டா காரியம் கெட்டுடும். உயில் எழுதி, சாட்சி கையெழுத்தும் வாங்கினப்புறம், கீழ காலியா இருக்கற இடத்துல "பி.கு. தோட்டத்தைத் தம்பிக்கு"ன்னு பேனாவால எழுதி வச்சா அது செல்லாது. இந்திய வாரிசுரிமைச் சட்டம் 1925ல இதுக்குன்னே கோடிசில்னு தனி ஆவணம் சொல்லியிருக்கு, உயில்ல சேக்கறதோ மாத்தறதோ விளக்கறதோ அதுல செய்யணும், அது உயிலோட பகுதியாவே எடுத்துக்கப்படும். ஆனா அதுக்கும் உயில் மாதிரியே கையெழுத்து, ரெண்டு சாட்சி எல்லாம் வேணும். கோடிசில்ங்கற சொல் லத்தீன்ல சின்ன எழுதுபலகையைக் குறிச்சது, மரக்கட்டையிலேர்ந்து பலகை, பலகையிலேர்ந்து புத்தகம்னு போன சொல்லோட குட்டி. நமக்கு ஏடு பனையோலையிலேர்ந்து புத்தகத்துக்கு வந்த மாதிரிதான்.

இப்ப அந்தச் சண்டைக்கு வருவோம். பின்குறிப்பா பிற்குறிப்பா.

இலக்கணம் படிச்சவங்க பிற்குறிப்புதான் சரின்னு அடிச்சுச் சொல்லுவாங்க, அவங்ககிட்ட ஆதாரமும் இருக்கு. னகர மெய்யில முடியற சொல்லுக்குப் பின்னாடி வல்லினம் வந்தா வேற்றுமையில ன் போய் ற் ஆகும், பொன் + குடம் பொற்குடம் மாதிரி. நன்னூல்ல "ணன வல்லினம் வரட் டறவும்"னு தொடங்கற சூத்திரம். தொல்காப்பியம் இன்னும் ஒரு படி மேல போய்ப் பேரைச் சொல்லியே கை காட்டுது: "மன்னும் சின்னும் ஆனும் ஈனும் பின்னும் முன்னும்"னு ஒரு பட்டியல் போட்டு, இதெல்லாமும் அப்படியே திரியும்னு. பின், முன் ரெண்டும் அதுல இருக்கு. உரைக்காரங்க பிற்கொண்டான், முற்கொண்டான்னு எடுத்துக்காட்டு தர்றாங்க. பிற்பகல், பிற்காலம், பிற்போக்கு, பிற்சேர்க்கை, எல்லாம் இந்தக் கணக்குதான். அப்ப பிற்குறிப்பு. கேஸ் க்ளோஸ்.

இல்ல, க்ளோஸ் ஆகல. பின்பக்கத்தைப் பிற்பக்கம்னு யாராவது சொல்லிக் கேட்டிருக்கீங்களா? பின்புறம், பின்கட்டு, பின்புலம், பின்பற்று, பின்தொடர், எதுலயும் ற் வரல. பிற்படுத்தப்பட்டன்னு எழுதற அதே பேனா அடுத்த வரியிலயே பின்தங்கியன்னு எழுதுது, யாருக்கும் உறுத்தல. முன் பக்கமும் இதே கதைதான், முற்பகல், முற்போக்கு ஒரு பக்கம், முன்பதிவு, முன்பணம், முன்கோபம் மறு பக்கம். முற்பதிவு கவுண்டர்னு போர்டு வச்சா க்யூவுல நிக்கறவங்க ஒரு நிமிஷம் யோசிப்பாங்க.

இதெல்லாம் இப்ப வந்த கெட்ட பழக்கம்னு சொல்றவங்களுக்கு ஒரு விஷயம். தொல்காப்பியம் பொருளதிகாரத்துல, பாலைக்கு உரிய காலத்தைச் சொல்ற இடத்துல, "பின்பனி தானும் உரித்தென மொழிப"ன்னு ஒரு சூத்திரம் இருக்கு. பின்பனி. பிற்பனி இல்ல! எழுத்ததிகாரத்துல பின் திரியும்னு விதி போட்ட அதே நூல் பொருளதிகாரத்துல திரியாம எழுதுது. வல்லினம் வருது, ன் அப்படியே நிக்குது. யாரும் அதைத் திருத்தல, இன்னிக்கும் பின்பனிக்காலம்னுதான் சொல்றோம்.

நூல் தன்னைத்தானே முறிச்சுக்குதான்னா, இல்ல. அதுக்கும் வழி வச்சிருக்கு, அதுவும் எங்க வச்சிருக்குன்னு பாருங்க. இலக்கண நூல்கள்ல புறனடைன்னு ஒரு வகைச் சூத்திரம் உண்டு, புறநடைன்னும் எழுதுவாங்க. விதியெல்லாம் சொல்லி முடிச்சப்புறம், சொன்னதுக்குப் புறத்த நிக்கறதையும் சேத்து அணைச்சுக்கறதுக்காக இயலோட கடைசியிலயோ அதிகாரத்தோட கடைசியிலயோ வரும். என்னைக் கேட்டா பி.கு.வுக்கு ரொம்பக் கிட்ட வர்ற பழந்தமிழ்ச் சொல் இதுதான், ஒழிபு இல்ல, எச்சம் இல்ல. எழுத்ததிகாரம் 9 இயலும் முடிஞ்சு கட்டக்கடைசியில ஒரு புறனடை வருது, "கிளந்த அல்ல செய்யுளுள் திரிநவும், வழங்கியல் மருங்கின் மருவொடு திரிநவும்"னு தொடங்கும். நான் சொல்லாத திரிபு செய்யுள்ல இருந்தாலும் சரி, பேச்சுவழக்குல மருவித் திரிஞ்சு வந்தாலும் சரி, நான் சொன்ன இயல்புக்கு மாறா ஏதாவது தென்பட்டா, அதை வழக்கைப் பாத்துத் தெரிஞ்சுக்கிட்டு அதன்படி நடந்துக்கோன்னு சொல்லுது. "வழங்கியல் மருங்கின் உணர்ந்தனர் ஒழுக்கல்"னு வாசகம். அத்தனை புணர்ச்சி விதியையும் அடுக்கிட்டு, கையெழுத்துப் போட்டப்புறம் கீழ ஒரு வரி, அதுல பேசறவன் கையில அதிகாரத்தைக் கொடுத்துட்டுப் போறார்.

அதனால நான் பின்குறிப்புன்னுதான் எழுதறேன், என் காதுக்கு அதுதான் பழக்கம், பத்திரிகைகள்லயும் அதுதான் அதிகம் கண்ணுல படுது. நீங்க பிற்குறிப்புன்னு எழுதினா தப்புன்னு சொல்ல மாட்டேன், சூத்திரம் உங்க பக்கம். இதுக்கும் மேல சண்டை வேண்டாம்னா சுருக்கமா பி.கு.ன்னு போட்டுட்டுப் போயிடுங்க, ரெண்டுக்கும் முதலெழுத்து ஒண்ணுதான், எந்தப் புலவர் வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது.